வளரி கற்ற வெள்ளைக்காரர்

ஸ்ரீரங்கம் ரங்கநாதர் கோயில் மதிலில் 1801 ஜூன் மாதம், சிவகங்கையை ஆண்ட மருது சகோதரர்களில் இளையவரான சின்ன மருது கிழக்கிந்தியக் கும்பினிக்கு எதிராக விடுத்த போர் அறிக்கை ஒட்டப்பட்டது. திருச்சிக் கோட்டையிலும் இன்னொன்று. அது கல்லில் வெட்டியதல்ல. கும்பினியார் தங்கள் தஸ்தாவேஜுகளில் சேர்த்து வைத்ததால் பிழைத்தது. மருதுவின் குணமும் நமக்கு எதிராளியின் பேனா வழியாகத்தான் தெரியவருகிறது.

அந்த எதிராளி ஜேம்ஸ் வெல்ஷ், கும்பினியின் சென்னைப் படை அதிகாரி. ஏறக்குறைய நாற்பதாண்டுச் சேவையின் நாட்குறிப்பைத் திரட்டி, 1830இல் லண்டனில் ‘ராணுவ நினைவுகள்’ என்று இரண்டு தொகுதிகளாக வெளியிட்டார். போர்க்களத்துக்கு நிருபர் அனுப்பும் வழக்கம் பத்திரிகைகளுக்கு அப்போது இன்னும் வரவில்லை. சண்டை போட்டவரே சண்டையையும் எழுதினார், போன வழியில் கண்ட ஊரையும் மலையையும் எழுதினார்.

1795இல் மதுரையில் இருந்த இளம் வெல்ஷுக்கு ஈட்டி எறியவும், வளரி என்னும் வளைந்த எறிதடியை வீசவும் கற்றுக்கொடுத்தவர் சின்ன மருது. நல்ல அரிசியும், தித்திப்பான ஆரஞ்சும் அனுப்பிவைப்பாராம். தேர்ந்த கை வீசினால் நூறு கெஜத்துக்குள் வளரி குறி தப்பாது என்கிறார் வெல்ஷ். வீசிப் பார்த்தவர் சொல் என்பதால்தான், வளரியைப் பற்றி எழுதுகிறவர்கள் இன்றும் அவரிடம் போகிறார்கள்.

கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை தப்பிய கதையும் வெல்ஷ் சொன்னதே. 1801இல் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை கும்பினிப் படையிடம் விழுந்த அன்று, பிணங்களுக்கு நடுவே மகனைத் தேடி வந்தாள் ஒரு தாய். உயிர் ஊசலாடிய மகன், என்னை விடு, சாமியைக் காப்பாற்று என்றான். காயப்பட்டுக் கிடந்த ஊமைத்துரையைப் பெண்கள் தூக்கிப் போய்த் துணியால் மூடி, அம்மை கண்டு செத்தான் என்று ஒப்பாரி வைத்தார்கள். அவரைத் தேடி வந்த, கும்பினி பக்கம் நின்ற எட்டயபுரத்து ஆட்கள் அம்மைக்குப் பயந்து ஓடிவிட்டார்கள். ஜெயித்த பக்கத்து அதிகாரி இதை மறைக்காமல் எழுதினாரே, அதற்கு அவரைப் பாராட்டத்தான் வேண்டும்.

அதே ஆண்டு அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டார்கள். அவர்களைத் துரத்திய படையில் வெல்ஷும் இருந்தார். தொடை முறிந்து கிடந்த தன் குருவைக் கண்டதை மனம் நொந்து எழுதுகிறார்.

ஆனாலும் ஒரு குறை உண்டு. ஆளை அறிந்த அளவுக்கு அவருக்கு அந்தப் போரின் காரணம் பிடிபடவில்லை. எல்லாச் சாதியாரையும் முஸ்லிம்களையும் ஒன்றாக அழைத்த ஸ்ரீரங்கத்து அறிக்கையின் கனம் அவர் பக்கங்களில் இல்லை. வெல்ஷைப் படிக்கிறவர்கள் அந்த அறிக்கையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.