லயத்து இஸ்தோப்பில் தொடங்கிய சபைகள்

(பதுளையில் நடந்த தோட்ட நலன்புரிக் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



வழமையாக நாங்கள் வந்தால் மலசலகூடம், பிள்ளைக் காம்பரா, தடுப்பூசி, சேமலாப நிதி என்றுதான் கதைப்போம். இன்றைக்கு வேறொரு விஷயம். நாங்கள் போய் வருகிற ஒரு தோட்டத்தில், மேல் லயத்துக் காம்பரா ஒன்றில் ஞாயிற்றுக்கிழமை ஜெபக் கூட்டம் நடக்கிறது. "நேற்று வந்தவங்க நம்ம ஆட்களைப் பிரிக்கிறாங்க" என்று கோயில் கமிட்டியில் சிலருக்குக் கோபம். வாய்ச்சண்டை கைகலப்பு மட்டும் போய், நாங்கள்தான் விலக்கி விட்டோம். அன்றிரவு இறங்கி வரும்போது எங்களுக்கு ஒன்று தோன்றியது. தோட்டங்களில் இந்தச் சபைகள் எப்படி வந்தன என்று சண்டை போட்ட இரண்டு பக்கத்தாருக்குமே தெரியாது. ஜெபக் கூட்டக்காரருக்கும் தெரியாது!

பதுளை டவுனில் புனித மாற்கு ஆலயத்தைப் பார்த்திருப்பீர்கள். 1845இல் அப்புத்தளையில் இடி விழுந்து இறந்த மேஜர் றொஜர்ஸ் என்ற வெள்ளைக்கார அதிகாரியின் ஞாபகமாகக் கட்டியது. ஆயிரத்துக்கு மேல் யானை சுட்டவர் என்று சொல்லுவார்கள். அதனால்தான் இடி விழுந்தது என்றும் ஊரில் ஒரு கதை. அந்தக் கோயில் கச்சேரிக்காரருக்கும் துரைமாருக்கும் எழும்பியது. நம்முடைய பூட்டன்மாரிடம் வந்த சபை வேறு வழியால் வந்தது.

1854ஆம் வருடம். அப்போது தேயிலை இல்லை, கோப்பிக் காலம். கோப்பித் துரைமார் சிலர் சேர்ந்து, தோட்டத்து ஆட்களுக்கு வேதம் சொல்ல ஆள் வேண்டும் என்று சி.எம்.எஸ். மிஷனைக் கேட்டார்கள். அப்படித் தொடங்கியதற்குப் பெயரே 'தமிழ்க் கூலி மிஷன்'. அந்தக் 'கூலி' என்ற சொல் நமக்கு இன்றைக்கும் சுடுகிறது. பிற்காலத்தில் அதைத் 'தமிழ்ச் சபை மிஷன்' என்று மாற்றினார்கள். இங்கிலீசில் இரண்டுக்கும் டி.சி.எம். என்ற அதே மூன்று எழுத்துத்தான்.

வேலை செய்தது யார்? வெள்ளைக்காரப் பாதிரியார் ஒருவர், இருவர்தான் மேலே. அடியில் நடந்தவர்கள் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த தமிழ் உபதேசிமார். அங்கே சி.எம்.எஸ். 1820 முதல் வேலை செய்து, வாசிக்கத் தெரிந்தவர்களை உருவாக்கி வைத்திருந்தது. இந்த உபதேசியார் ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்கு நடந்தே போவார். பதுளைக்குக் கோச்சி வந்தது 1924இல்தானே. பிரட்டுக் களத்தில் காலையில் கொஞ்சம், வேலை விட்டபின் லயத்து இஸ்தோப்பில் கொஞ்சம் பேசுவார். கேட்கிறவன் கேட்பான், போகிறவன் போவான். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வேதக்காரர் எல்லாரும் இங்கே வந்து மாறியவர்கள் இல்லை. ஊரிலேயே வேதக்காரராக இருந்து, அதே கங்காணியின் கீழ் அதே கஷ்டத்தோடு கடல் கடந்து வந்த குடும்பங்களும் உண்டு. அவர்களைத் தேடிப் பிடித்துச் சேர்த்ததும் உபதேசியாரின் வேலை.

ஆனால் கோப்பிக் காலத்தில் சபை வேரூன்றவில்லை. ஏன் என்றால், ஆட்கள் பழம் பறிக்கிற காலத்துக்கு வந்துவிட்டு ஊருக்குத் திரும்பிவிடுவார்கள். இந்த வருடம் கேட்டவர் அடுத்த வருடம் எங்கே இருப்பாரோ! பிறகு 1869இல் கோப்பி இலையில் மஞ்சள் பூஞ்சணம் விழுந்தது. முதன்முதல் கண்டது வேறெங்கும் இல்லை, நம்முடைய மடுல்சீமையில்தான். பத்துப் பதினைந்து வருடத்தில் கோப்பி அழிந்து தேயிலை வந்தது. தேயிலைக்கு வருடம் முழுக்கக் கொழுந்து எடுக்க வேண்டும், பெண்கள் வேண்டும். அப்போதுதான் குடும்பங்கள் லயத்தில் தங்கின. குடும்பம் இருந்தால் பிள்ளைக்குப் பெயர் வைக்க வேண்டும், கல்யாணம் நடத்த வேண்டும், செத்தால் புதைக்க வேண்டும். சபை நிலைத்தது அப்படித்தான். மாரியம்மன் கோயில்கள் நிலைத்ததும் இதே காரணத்தால்தான் என்று நாங்கள் நினைக்கிறோம்.

ஊவாவைத் தனி மாகாணமாக்கியது 1886இல். அதையொட்டிய வருடங்களில் சாமுவேல் லாங்டன் என்ற மெதடிஸ்த பாதிரியார் இந்தப் பக்கம் வேலையை விரித்தார். மிஷன்காரர் போன இடத்தில் பள்ளிக்கூடமும் போனது. தோட்டத் துரைமார் பள்ளிக்கூடம் வைத்தே ஆக வேண்டும் என்று 1920இல் சட்டம் வரும் முன்பே, உபதேசியார் ஒரு கையில் வேதமும் மறு கையில் அரிச்சுவடியுமாகப் பிள்ளைகளைப் பிடித்து வைத்திருந்தார். சைவப் பிள்ளைகளும் அங்கேதான் 'அ' எழுதினார்கள்.

இதில் ஒரு குறை உண்டு, மறைக்கக்கூடாது. உபதேசிமாரின் செலவுக்குக் காசு போட்டது துரைமார். லயத்துக்குள் போக அனுமதி கொடுத்ததும் அவர்களே. அந்தக் காசில் சாப்பிடுகிறவர், பேர் போடாமல் விட்டதைப் பற்றியோ, கங்காணியின் கடன் கணக்கைப் பற்றியோ வாய் திறக்க முடியுமா? அதனால் "துரையின் வேதம்" என்று நம் ஆட்கள் சந்தேகப்பட்டதில் நியாயம் இருந்தது.

அந்தச் சந்தேகத்துக்குப் பதில் பிறகுதான் வந்தது. 1948இல் குடியுரிமைச் சட்டம். 1964இல் ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப. சபை மூப்பரும் கோயில் தர்மகர்த்தாவும் ஒரே கோச்சியில் அழுதுகொண்டு போனார்கள். 1972, 1975 காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசாங்கத்துக்குப் போய், துரைமார் காசும் முடிந்தது. அப்படியும் சபைகள் சாகவில்லை. எழுதப் படிக்கத் தெரிந்த ஒரு கொழுந்துக்காரி, ஒரு கணக்கப்பிள்ளை, இவர்களே நடத்தினார்கள். அதே 1972இல் பதுளை கத்தோலிக்க மறைமாவட்டமானது. முதல் ஆயர் லியோ நாணயக்கார, கண்டி ஆயராக இருந்தவர், பெரிய இடத்தை விட்டு இந்த ஏழை மாவட்டத்துக்கு வந்தார். பெந்தெகொஸ்தே சபைகளும் பெருகின. இன்றைய காம்பரா ஜெபக் கூட்டங்கள் பலவும் அந்தக் கிளைதான்.

ஆகவே கமிட்டிக்காரரே, இவர்கள் நேற்று வந்தவர்கள் இல்லை. அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரையும் 14ஆம் உறுப்புரையும் விரும்பின மதத்தை வைத்திருக்கவும், கூடி வழிபடவும் உரிமை தருகின்றன. ஜெபக் கூட்டக்காரரே, பக்கத்துக் காம்பராவுக்கு நடுவில் இருப்பது ஒரு செங்கல் சுவர்தான். அந்தப் பக்கம் இரவு வேலைக்குப் போய் வந்தவர் தூங்குகிறார். அவர் கும்பிடுகிற சாமியைப் பேய் என்று சொன்னால் அவருக்குக் கேட்கும்.

அந்தத் தோட்டத்தில் இப்போதைக்கு ஒலிபெருக்கியைக் கழற்றியிருக்கிறார்கள். கோயில் திருவிழாவுக்குத் தண்ணீர்ப் பந்தல் போட ஜெபக் கூட்டத்துப் பெடியன்கள் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். எந்த நேரம் மட்டும் பாடலாம் என்பதுதான் முடியவில்லை. எட்டு மணி என்கிறார்கள் ஒரு பக்கம், ஒன்பது என்கிறார்கள் மறுபக்கம். வருகிற சம்பள நாளுக்கு அடுத்த நாள் பிரட்டுக் களத்தில் திரும்பவும் கூடுகிறோம். இரண்டு பக்கத்திலிருந்தும் தாய்மாரையும் கூட்டி வரச் சொல்லியிருக்கிறோம்.