கோபுரத்துக்கு ஏறும் பைப்

ஒரகடத்தில் ஷிப்ட் விடுகிற நேரம். கம்பெனி பஸ்ஸில் ஏறியதும் ஊருக்கு வீடியோ கால். சிக்னல் முழுசாக இருக்கிறது. அம்மா முகம் மட்டும் அசையாமல் நிற்கிறது. ஏன்?

மொட்டைமாடித் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் பத்துக் குழாய் இருக்கலாம். தொட்டிக்கு ஏறும் பைப் ஒல்லியாக இருந்தால்? எல்லாரும் திறக்கும்போது சொட்டத்தான் செய்யும். செல்போன் கோபுரமும் அப்படித்தான். கோபுரத்துக்கு டேட்டா வரும் வழி அகலமாக இருக்க வேண்டும்.

கோபுரத்தை ஒருமுறை அண்ணாந்து பாருங்கள். மேளம் மாதிரி வட்டமாக ஒன்று தெரியும். அடுத்த கோபுரத்தோடு காற்றிலேயே பேசும் மைக்ரோவேவ் கருவி அது. மண்ணுக்கடியில் வரும் கண்ணாடி இழை கேபிள் அதைவிடப் பல மடங்கு தாங்கும். தலைமுடி மாதிரி மெல்லிசான கண்ணாடி. அதற்குள் ஓடுவது வெளிச்சம்! நூற்றுக்கு எழுபது கோபுரங்களுக்காவது இந்தக் கேபிள் போக வேண்டும் என்று 2019-லேயே மத்திய அரசு இலக்கு வைத்தது.

போட்டால் மட்டும் போதாது. ஜேசிபி ஒரு கொத்து கொத்தினால் போச்சு. தோண்டுமுன் கேபிள்காரர்களுக்குத் தகவல் சொல்ல 2023 மார்ச்சில் அரசே ஒரு செயலி கொண்டுவந்தது. பெயர், 'கால் பிஃபோர் யூ டிக்'. உங்கள் தெருவில் பள்ளம் தோண்ட வந்தால் கேளுங்கள்: "அண்ணே, அந்தச் செயலியில் பதிஞ்சிட்டீங்களா?"