கடைமடைக்கும் சேரட்டும்



லூக்கா நற்செய்தி 12-ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் சொல்லும் செல்வன் ஏமாற்றிச் சம்பாதித்தவன் அல்ல. நிலம் நன்றாக விளைந்தது. அதை வைக்கப் பெரிய களஞ்சியம் கட்ட நினைத்தான். அடுத்த வீட்டை நினைக்கவில்லை.

நம் பொள்ளாச்சியில் 1923-இல் பிறந்தவர் நா. மகாலிங்கம். வேளாண்மையும் வியாபாரமும் சேர்ந்த குடும்பம். தந்தை நாச்சிமுத்துக் கவுண்டர் தொடங்கிய பஸ் கம்பெனியை வளர்த்தார். சர்க்கரை ஆலை நிறுவினார். களஞ்சியம் கட்டுவதோடு நின்றிருக்கலாம். ஆனால் 1952 முதல் 1967 வரை சட்டமன்ற உறுப்பினராக இருந்தபோது, பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டத்துக்காக உழைத்தவர்களில் அவரும் ஒருவர். மேற்கே ஓடிய மலைத்தண்ணீர் கிழக்கே நம் காடுகரைக்குத் திரும்பியது. அவர் நம் திருச்சபையினர் அல்ல. வள்ளலார் வழியில் நடந்தவர். 2014 அக்டோபர் 2, காந்தி ஜெயந்தி அன்று மறைந்தார். தண்ணீர் இன்னும் ஓடுகிறது.

அந்தத் தண்ணீரை நான்கு மண்டலங்களுக்கு முறைவைத்து விடுகிறார்கள். நம் முறை முடிந்த பிறகு, இரவில் வாய்க்காலுக்குள் குழாயை இறக்கினால் யார் பார்க்கப்போகிறார்கள் என்று தோன்றலாம். காங்கேயம் பக்கம் கடைமடையில் காத்திருப்பவருக்கும் அவர் மாட்டுக்கும் அது தெரிந்துவிடும். பொய் சொன்னேன், கோபப்பட்டேன் என்று பாவசங்கீர்த்தனத்தில் சொல்கிறோம். பிறர் தண்ணீரை எடுத்தேன் என்று சொல்கிறவர் எத்தனை பேர்?

நமக்கு வந்தது நம்மோடு நின்றுவிடாதிருக்க வரம் கேட்போம். ஆமென்.