முதல் கூடை வீட்டுக்கு!

(வானொலிப் பண்ணை நிகழ்ச்சியில் வேளாண்மை விரிவாக்க அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



மார்கழிப் பனி இறங்கிவிட்டது. தோட்டத்தைச் சுற்றிப் பாருங்கள். பந்தலில் அவரை தொங்குகிறது. வரப்பில் மொச்சை காய்த்திருக்கிறது. பரங்கிக்கொடி கூரையேறிவிட்டது. கொய்யாவும் பெருநெல்லியும் பறிப்புக்கு வந்துவிட்டன. தை பிறந்தால் சர்க்கரைவள்ளியும் பனங்கிழங்கும் சேர்ந்துகொள்ளும். காய்கனிக்குப் பஞ்சமில்லாத காலம் இது. ஆனால், விளைவித்தவர் வீட்டுச் சாப்பாட்டில் இதெல்லாம் இருக்கிறதா?

ஒட்டன்சத்திரம் பக்கம் ஒரு விவசாயியின் அவரைப் பந்தலில் அசுவினி விழுந்திருக்கிறது என்று பார்க்கப் போனேன். மதியம் அங்கேயே சாப்பிடச் சொன்னார்கள். சோறு, ரசம், ஊறுகாய். வாசலிலோ நாலு மூட்டை அவரைக்காய் வண்டிக்குக் காத்துக் கிடக்கிறது! "நல்ல காயெல்லாம் மார்க்கெட்டுக்குங்க சார். முத்தினது மிஞ்சினா ராத்திரிக்கு ஆக்குவோம்" என்றார் அந்த அம்மா. அவருக்கு ரத்தசோகை என்று ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்திருந்தார்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை. பல வருஷமாக அந்த ஊருக்குப் போகிறேன். 'ஏக்கருக்கு எத்தனை மூட்டை?' என்று கேட்டிருக்கிறேனே தவிர, 'அடுப்பில் என்ன?' என்று ஒருநாளும் கேட்டதில்லை. அதைத்தான் இன்று கேட்க வந்திருக்கிறேன்.

யூரியா மட்டும் போட்டால் பயிர் பச்சைப்பசேலென்று நிற்கும், மணி பிடிக்காது. வெறும் சோறும் அப்படித்தான். ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில், பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்குக் கீரையும் சேர்த்து சுமார் 400 கிராம் காய்கறி, 100 கிராம் பழம் வேண்டும் என்று சொல்லியிருக்கிறது.

மொச்சையிலும் அவரை விதையிலும் புரதம் உண்டு. பரங்கியின் மஞ்சள் சதையும் முருங்கைக்கீரையும் கண்ணுக்கு வேண்டிய வைட்டமின் ஏ-யைத் தரும். கொய்யாப்பழம் 100 கிராமில் சுமார் 200 மில்லிகிராம் வைட்டமின் சி இருக்கிறது. ஆரஞ்சில் உள்ளதைப்போல இது ஏறக்குறைய நாலு மடங்கு. கீரை, பயறுகளிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் ஒட்டுவதற்கு இந்த வைட்டமின் சி உதவுகிறது. அதனால் கீரை, மொச்சை ஆக்கும் நாளில் சாப்பாட்டோடு ஒரு கொய்யாவோ நெல்லிக்காயோ தின்னுங்கள். சாப்பிட்ட கையோடு டீ குடிக்காதீர்கள். அது இரும்புச்சத்தைத் தடுக்கும். ஒரு மணி நேரம் போகட்டும். டாக்டர் கொடுத்த மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

"பனிக்காலத்தில் கொய்யா தின்றால் சளி பிடிக்குமே" என்பீர்கள். சளியைக் கொண்டுவருவது வைரஸ் கிருமி, கொய்யாப்பழம் அல்ல. பிள்ளைகளுக்குக் கழுவி, அப்போதே நறுக்கிக் கொடுங்கள்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. காயைக் கழுவிவிட்டு நறுக்குங்கள்; நறுக்கிவிட்டுக் கழுவினால் சத்து தண்ணீரோடு போய்விடும். அளவாகத் தண்ணீர் வைத்து, மூடிபோட்டு வேகவிடுங்கள். கீரையிலும் பரங்கியிலும் கொஞ்சம் எண்ணெய் சேர்த்தால்தான் அதிலுள்ள வைட்டமின் ஏ நன்றாக உடம்பில் சேரும்.

இன்னொன்று. மருந்து அடித்த காயை மறுநாளே பறிக்காதீர்கள். எத்தனை நாள் பொறுக்க வேண்டும் என்று டப்பாவிலேயே போட்டிருக்கும். அது வீட்டுக்கு ஆனாலும் சரி, சந்தைக்கு ஆனாலும் சரி. தின்பது மனுஷர்தானே!

விற்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. விற்றால்தான் கடன் அடையும், பிள்ளைகளுக்குப் பீஸ் கட்ட முடியும். நாலு பேர் உள்ள வீட்டுக்கு ஒரு வேளைக்கு ஒரு கிலோ அவரைக்காய் தாராளம். நாலு மூட்டையில் ஒரு கிலோ குறைந்தால் கணக்கில் தெரியாது. வீட்டில் உள்ளவர்கள் உடம்பில் தெரியும். நாளைக் காலை பறிப்புக்குப் போகும்போது முதல் கூடையை அடுப்படியில் இறக்கிவிட்டு, அப்புறம் மூட்டை கட்டுங்கள்.