பேனா எல்லார் கைக்கும் வரட்டும்
(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் குழுக் கணக்காளர் ஒருவர் ஆற்றிய உரை)



நம்ம கூட்ட அறையில் இருக்கும் தொடுதிரைப் பலகையைப் பற்றிப் பேசச் சொன்னாங்க. அதுக்கு முதலில் என்னோட ஒரு தப்பைச் சொல்லணும்.

1989-ல் தருமபுரியில் மகளிர் குழுக்கள் தொடங்கின காலத்திலிருந்து நமக்குக் கணக்குன்னா நோட்டுதான். நோட்டு ஒருத்தர் மடியில் இருக்கும். மத்தவங்க "சரிதாம்மா"ன்னு கையெழுத்துப் போடுவாங்க. எங்க குழுவில் அந்த நோட்டு என் மடியில்தான் இருந்தது.

பலகை வந்த புதுசில், நோட்டுப் பக்கத்தைப் போனில் படம் எடுத்து அதில் பெரிசாகக் காட்டினோம். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு அக்கா எழுந்து வந்து, தன் வரிசையை விரலால் தொட்டாங்க. "நான் பத்தாயிரம் வாங்கி, மாசம் ஆயிரம் கட்டுறேன். அசல் குறையுது, வட்டி மட்டும் ஏம்மா நூறிலேயே நிக்குது?"ன்னு கேட்டாங்க.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நூத்துக்கு ஒரு ரூபாய் மாத வட்டி. ஆறு மாசத்துக்கு 100, 90, 80, 70, 60, 50ன்னு 450 ரூபாய்தான் வரணும். நான் 600 வாங்கியிருந்தேன். பலகையிலேயே சிவப்பு மையில் எல்லாரும் சேர்ந்து கூட்டிப் பார்த்தோம். 150 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தோம். மத்தவங்க கணக்கையும் அன்னைக்கே சரிபார்த்தோம். இது வெளியில் பேச்சாகப் போயிருந்தா என் பேர் என்ன ஆகியிருக்கும்? கூட்டத்திலேயே தெரிஞ்சு, கூட்டத்திலேயே தீர்ந்தது.

பலகையைத் தொடப் பலர் பயப்படுறீங்க. பயமே வேண்டாம். இந்த மாதிரிப் பலகையின் நாலு ஓரத்திலும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி குறுக்கும் நெடுக்கும் ஓடுது. விரல் வச்ச இடத்தில் ஒளி மறையும். அங்கே எழுத்து விழும். அதனால் குச்சியால் தொட்டாலும் எழுதும், சேலைத் தலைப்பு பட்டாலும் கோடு விழும்! தப்பா விழுந்தா அழிச்சிடலாம். இப்படிக் கையால் தொட்டு எழுதும் பலகையை 1991-ல் சந்தைக்குக் கொண்டுவந்த கனடா நிறுவனத்தை ஆரம்பித்த இருவரில் ஒருவர் நான்சி நோல்டன் என்ற பெண்தான்.

மூணு விஷயம் மட்டும் கவனமா இருக்கணும். மார்க்கர் பேனாவால் அதில் எழுதாதீங்க, அதற்குரிய பேனாவோ விரலோ போதும். கூட்டம் முடிஞ்சதும் ஆதார், பாஸ்புக் படங்களை அழிச்சிட்டுத்தான் கதவைப் பூட்டணும். கரண்டு போனாலும் நம்ம கையில் இருப்பது தீர்மானப் புத்தகம்தான். பலகையில் முடிவானதை அதில் எழுதிக் கையெழுத்துப் போட்டே ஆகணும்.

கடைசியா ஒரு வேண்டுகோள். பலகை பெரிசா இருந்தும் பேனா ஒருத்தர் கையிலேயே இருந்தா, அது பழைய நோட்டுதான். அடுத்த கூட்டத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவங்களை முதலில் கூப்பிடுங்க. தன் கணக்கைத் தானே தொட்டுப் பார்க்கட்டும்.