ஆசிரியர் உயர்கல்விக்கு ஓர் அறக்கொடை



1816-ஆம் ஆண்டு பினாங்கு பிரீ ஸ்கூலில் தொடங்கப்பெற்ற தமிழ் வகுப்பிலிருந்தே மலேசியத் தமிழ்க்கல்வி தன் வயதை எண்ணுகிறது. பள்ளிப் பிள்ளைகட்குப் புத்தகமும் சீருடையும் வழங்குவதைத் திருப்பணியாகப் போற்றும் சமுதாயம், பட்டம் பெற்றபின் கல்வியியலை ஆராய விழையும் ஆசிரியரை மறத்தல் முறையன்று. தமிழ்க் குழந்தை மும்மொழிகளை எவ்வாறு கற்கிறது, கணிதத்தில் எங்கே தடுமாறுகிறது என்று ஆய்ந்து கூறவல்லவர் அவரே. அவர் பெறும் தெளிவு பல வகுப்பறைகட்குப் பயன் தரும்.

வாய்ப்புகள் இல்லாமலில்லை. பணியிலுள்ள ஆசிரியர் முதுகலை, முனைவர் பட்டங்கள் பயிலக் கல்வி அமைச்சின் உபகாரச் சம்பளம் உண்டு. 1946-இல் தோன்றிய ஃபுல்பிரைட் திட்டமும், 1959-இல் ஆக்ஸ்போர்டு மாநாட்டில் உருவான காமன்வெல்த் உபகாரச் சம்பளமும் கடல்கடந்த கல்விக்கு வழிவகுத்தவை. 1969-இல் நிறுவப்பெற்ற மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் இத்தீவிலேயே கல்வியியல் ஆய்வுக்கு இடமளிக்கிறது.

ஆயினும், விண்ணப்பிக்கும் முன்னரே ஆய்வுத் திட்டமும், பரிந்துரைக் கடிதங்களும், வெளிநாடாயின் மொழித்தேர்வுச் சான்றும் ஆயத்தமாதல் வேண்டும். ஓராண்டு முன்பே முயல்வோர்க்கே அது கைகூடும். உபகாரச் சம்பளம் கிடைக்குமுன் செலுத்த வேண்டிய தேர்வுக் கட்டணத்திற்கே தயங்கி, விண்ணப்பியாது விடுவோரும் உளர்.

பினாங்கு இந்து அறப்பணி வாரியம் மாணவர்க்குக் கல்வி நிதி வழங்கி வருவது யாவரும் அறிந்ததே. அவ்வழியில் ஒவ்வோர் ஆலயமும் ஆண்டுக்கு ஓர் ஆசிரியரின் விண்ணப்பச் செலவை ஏற்குமாயின், சிறு தொகையும் பேரறமாகும். திருவிழா வரவில் அதற்கென ஒரு பங்கு ஒதுக்கப்பெறுக!