வேகமும் நிற்க ஓர் இடமும்
(நூற்றாண்டு விழாவில் பழைய மாணவிகள் சார்பில் ஆற்றிய உரை)



வேகத்தின் பெறுமதியை மாத்தளைப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. தம்புள்ளையில் இரவு ஏற்றிய மரக்கறி லொறி நேரத்துக்குப் போய்ச் சேராவிட்டால் விவசாயியின் உழைப்பு வாடிப்போகும். இந்த அவசரத்தையே தொழிலாகவும் விளையாட்டாகவும் கொண்ட ஒரு குடும்பத்தைப் பற்றி இன்று பேச விரும்புகிறோம்.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலம் கார்த் தொழிற்சாலைகளுக்குப் பேர்போனது. ஓர் உதிரிப்பாகம் பிந்தினாலும் அங்கே வேலை நின்றுவிடும். 1967இல் கொனி கலிட்டா என்பவர் இரட்டை இயந்திரச் செஸ்னா விமானமொன்றில் இத்தகைய பாகங்களை ஏற்றிச்செல்லத் தொடங்கினார். இன்று அவரது கலிட்டா எயார் நிறுவனம் போயிங் 747 சரக்கு விமானங்களை உலகெங்கும் செலுத்துகிறது.

அதே மனிதர் டிராக் பந்தய வீரரும் ஆவார். நேரான பாதையில் இரண்டு கார்கள் கால் மைல், அதாவது 402 மீற்றர், பாய்ந்தோடும் போட்டி அது. சில விநாடிகளில் முடிந்துவிடும். வேகம் மணிக்கு 480 கிலோமீற்றரையும் தாண்டும். காரை நிறுத்தப் பின்னால் பரசூட் விரிய வேண்டும்.

நம் தங்கையர் கேட்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. 1977இல் இப்போட்டியின் அதிவேகப் பிரிவில் பட்டம் வென்றவர் ஷேர்லி மல்டௌனி என்ற பெண். அவரது காரைத் தயார்செய்த குழுவுக்குத் தலைமை தாங்கியவர் கொனி கலிட்டாவே. 1980இலும் 1982இலும் ஷேர்லி மீண்டும் வென்றார். 1984இல் விபத்தில் கால்கள் சிதைந்தன. 1986இல் திரும்பி வந்து ஓட்டினார்.

கலிட்டா குடும்பமும் பெரும் விலை கொடுத்தது. 1994, 1995 ஆண்டுகளில் பட்டம் வென்ற மகன் ஸ்கொட், 2008 ஜூன் 21ஆம் திகதி நியூ ஜேர்சியில் நடந்த தகுதிகாண் ஓட்டத்தில் உயிரிழந்தார். இயந்திரம் வெடித்தது, பரசூட்டுகளால் காரை நிறுத்த முடியவில்லை, பாதையின் முடிவையும் கடந்து கார் மோதியது. அடுத்த மாதமே அதிவேகப் பிரிவுகளின் ஓட்டத் தூரத்தை 305 மீற்றராகக் குறைத்தார்கள். மிச்சமான தூரம் நிற்பதற்கு உதவியது. குடும்பம் களத்தைவிட்டு விலகவில்லை. அக்குடும்பத்தைச் சேர்ந்த டக், அவரும் ஒரு விமானி, 2023இல் பட்டம் வென்றார்.

2024 ஏப்ரலில் தியத்தலாவை பொக்ஸ் ஹில் பந்தயத்தில் கார் பார்வையாளர்களுக்குள் புகுந்து 7 பேர் இறந்ததை நாம் மறக்கவில்லை. வேகத்தை ஏற்பாடு செய்பவர்கள் நிற்பதற்கும் ஒதுங்குவதற்கும் உரிய இடத்தை முதலில் அளக்க வேண்டும்.

பெற்றோருக்கும் சங்கத்துக்கும் இதையே சொல்கிறோம். விமானமோ பொறியியலோ படிக்க ஆசைப்படும் பெண்பிள்ளையை ‘ஓடாதே’ என்று மறிப்பது எளிது. உயர்தரப் பரீட்சையில் ஒருமுறை சறுக்கியதும் படிப்பை நிறுத்திவிடுவது அதைவிட எளிது. இரண்டாம் முறை எழுதவிருக்கும் பிள்ளையின் வகுப்புச் செலவையும் பஸ் செலவையும் நாம் பொறுப்பேற்போம். நூறு ஆண்டு கண்ட பாடசாலைக்கு அதுவே நாம் செலுத்தும் நன்றிக்கடன்.